பி.காம். கடைசி வருட ப்ராஜெக்ட்: வடசென்னை மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஆறாவது செமஸ்டர் தொடங்கியதும் இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளெல்லாம் ப்ராஜெக்ட் பக்கம் திரும்பிவிடும். இந்த முறையும் ராயபுரத்திலிருந்து மணலி வரை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

சார், வகுப்பில் எல்லோரும் ஏதோ ஒரு பேங்க்கின் ஐந்து வருட பேலன்ஸ் ஷீட்டை எடுத்து ரேஷியோ போடுகிறார்கள். எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. என் மாமாவுக்கு ஒரு லாஞ்சு (மீன்பிடி விசைப்படகு) இருக்கிறது. அதன் கணக்கை வைத்துச் செய்யட்டுமா என்று கேட்டால், "அதில் என்னம்மா அக்கவுண்ட்ஸ் இருக்கு" என்கிறார் கைடு மேடம். என்ன செய்வது?
(காசிமேட்டிலிருந்து ஒரு மாணவி)

தாராளமாகச் செய்யலாம் அம்மா. உங்கள் மேடம் கேட்டதற்குப் பதிலை ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போனால் அவரும் ஒத்துக்கொள்வார் என்றே நினைக்கிறேன். காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் படித்தது முழுக்க அந்த லாஞ்சில் இருக்கிறது.

முதலில் கேள்வியைச் சின்னதாக்குங்கள். 'மீன்பிடித் தொழிலின் பொருளாதாரம்' என்று தலைப்பு வைத்தால் மூன்று மாதத்தில் கரை சேராது. 'ஒரு விசைப்படகு வருடச் செலவை எடுக்க எத்தனை ட்ரிப் போக வேண்டும்' என்று வையுங்கள், அதுவே போதும். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான், தண்ணீர், ஏலத் தரகு என்று செலவு ஆகிறது. படகு கிளம்பினால்தான் இந்தச் செலவு வரும், கரையில் நின்றால் வராது. கடன் வட்டி, இன்ஷூரன்ஸ், வருடாந்திர ரிப்பேர், தேய்மானம் இவையெல்லாம் படகு நின்றாலும் ஓடிக்கொண்டே இருக்கும். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த நாட்களில் ஒரு ரூபாய் வரவு கிடையாது, ஆனால் படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடித்து இன்ஜின் வேலை பார்ப்பதும் அப்போதுதான். நிலைச் செலவு என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது.

இதில் பலரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. ஏலத்தில் வந்த முழுப் பணத்தையும் மாமாவின் வருமானமாகப் போட்டுவிடாதீர்கள். ட்ரிப் செலவைக் கழித்த பிறகு மீதியைத்தான் முதலாளியும் கடலுக்குப் போனவர்களும் பங்கு பிரிக்கிறார்கள். அந்தப் பங்கு விகிதம் படகுக்குப் படகு மாறும், உங்கள் படகில் என்ன வழக்கமோ அதைக் கேட்டு எழுதுங்கள். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: ஏலத்தில் 4 லட்சம் வந்தது, ட்ரிப் செலவு 2.5 லட்சம், மீதி 1.5 லட்சம், அதில் முதலாளி பங்கு 60 சதவீதம் என்றால் 90,000. வருட நிலைச் செலவு 18 லட்சம் என்றால் 20 ட்ரிப் போனால் கையைக் கடிக்காது. இப்போது ஒரு ட்ரிப்புக்கு டீசலில் மட்டும் 30,000 கூடட்டும். மீதி 1.2 லட்சம், முதலாளி பங்கு 72,000, அப்படியானால் 25 ட்ரிப் போக வேண்டும். டீசல் விலை ஏறினால் ஐந்து ட்ரிப் கூடுதல் என்பதை ஒரு அட்டவணையில் காட்டிவிட்டீர்களானால், அதைப் பார்த்த பிறகு யாரும் 'இதில் என்ன அக்கவுண்ட்ஸ்' என்று கேட்க மாட்டார்கள். அந்த 30,000 முதலாளி தலையில் மட்டும் விழவில்லை, 12,000 ஆட்களின் பங்கிலிருந்தும் போனது என்பதையும் எழுதுங்கள். எனக்கு இந்த ரிப்போர்ட்டில் முக்கியமாகப் படுவது அதுதான்.

மாமாவே டிரைவராகக் கடலுக்குப் போகிறவர் என்றால் ஆளுக்குரிய பங்கும் அவருக்கு உண்டு, அது அவருடைய உழைப்புக்கு வந்தது, அதை முதலாளி பங்கோடு கலக்க வேண்டாம். தேய்மானத்தை எந்தப் படகுக்காரரும் நோட்டில் எழுதி வைப்பதில்லை. படகு வாங்கிய விலை, இன்னும் எத்தனை வருடம் ஓடும், கடைசியில் என்ன விலைக்குப் போகும் என்று மூன்றையும் கேட்டு நீங்களே போட வேண்டும். எப்படிப் போட்டீர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்புறம் மாமாவாகவே இருந்தாலும் அனுமதி கேட்டுவிட்டு எழுதுங்கள், ரிப்போர்ட்டில் படகின் பெயரையோ பதிவு எண்ணையோ போடாதீர்கள். தடைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், சுறுசுறுப்பாக ஏலம் நடக்கிற ஒரு காலையில் மாமாவோடு போய் நின்று ஒரே ஒரு ட்ரிப்பின் கணக்கை ஆரம்பம் முதல் கடைசி வரை கண்ணால் பார்த்துவிடுங்கள். நோட்டில் இருக்கிற மற்ற ட்ரிப்புகள் அதன் பிறகு தானாகப் புரியும்.

மணலியில் இருக்கிற மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் உரக் கம்பெனியின் ஐந்து வருட ஆண்டறிக்கையை எடுத்து ரேஷியோ அனாலிசிஸ் செய்கிறேன். கரண்ட் ரேஷியோ (ஒரு வருடத்துக்குள் பணமாகக்கூடிய சொத்துக்கும் அதற்குள் கொடுக்க வேண்டிய கடனுக்கும் உள்ள விகிதம்) 2:1 இல்லை, அதனால் 'திருப்திகரமாக இல்லை' என்று எழுதிவிட்டேன். சரிதானே?
(மணலியிலிருந்து ஒரு மாணவர்)

இல்லை தம்பி. 2:1 என்பது பழைய கட்டைவிரல் விதி, எல்லாத் தொழிலுக்கும் அது பொருந்தாது. ஆனால் நீங்கள் எடுத்த கம்பெனி அருமையான கம்பெனி, அதை வீணாக்கிவிடாதீர்கள். யூரியா 45 கிலோ மூட்டை விவசாயிக்கு 242 ரூபாய், வேப்பெண்ணெய் பூச்சும் வரியும் தனி. அந்த விலையைக் கம்பெனி வைப்பதில்லை, மத்திய அரசு வைக்கிறது. தயாரிப்புச் செலவாக அரசு ஒத்துக்கொள்கிற தொகைக்கும் இந்த விலைக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் மானியமாக வரும். அதுவும் 2018 முதல் நாடு முழுக்க, கடையில் மெஷினில் பதிந்து விவசாயிக்கு மூட்டை விற்ற பிறகுதான் அந்த மானியத்தைக் கேட்க முடியும். அப்படியென்றால் பேலன்ஸ் ஷீட்டில் 'வர வேண்டிய பாக்கி' என்று நிற்பதில் அரசு தர வேண்டியது எவ்வளவு, வியாபாரிகள் தர வேண்டியது எவ்வளவு? கணக்குகளுக்கான குறிப்புகளில் தேடிப் பிரித்து எடுங்கள். இதைச் செய்யாமல் டெப்டர்ஸ் டர்னோவர் (பாக்கி எவ்வளவு வேகமாக வசூலாகிறது என்ற ரேஷியோ) போட்டுவிட்டு 'வசூல் திறன் குறைவு' என்று எழுதினால், டெல்லியிலிருந்து மானியம் தாமதமாக வந்ததற்கு மணலியில் வசூல் பார்க்கிறவரைக் குறை சொன்னதாகிவிடும்.

இன்னொன்று. இந்த ஆலை 2019-ல் நாப்தா என்ற பெட்ரோலியப் பொருளை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. நீங்கள் எடுக்கும் ஐந்து வருடம் அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னுமாக விழுந்தால் லாப விகிதங்களை ஒரே கோட்டில் வைத்துப் பேச முடியாது. எரிவாயு விலை ஏறினால் மானியமும் ஏறும், வருவாய் ரூபாயில் பெருத்துத் தெரியும், உற்பத்தி டன் கணக்கில் அப்படியே இருக்கலாம். அதனால் ரூபாய் அட்டவணைக்குப் பக்கத்தில் டன் அட்டவணை ஒன்றும் கட்டாயம் வையுங்கள். பதினைந்து ரேஷியோ போட வேண்டாம். நாலு போடுங்கள், ஒவ்வொன்றும் ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று அறிக்கையிலிருந்தே காரணம் காட்டுங்கள்.

அப்பா வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். எந்தக் கம்பெனியும் எனக்கு ப்ராஜெக்ட் லெட்டர் தரவில்லை. ஒரு இடத்தில் லெட்டருக்குப் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
(வியாசர்பாடியிலிருந்து ஒரு மாணவர்)

கொடுக்காதீர்கள். அப்பாவின் பில் புக்கே உங்கள் கம்பெனி. பட்டறைக்காரர்களுக்கு வேலை கிடைப்பதைவிட முடித்த வேலைக்குக் காசு வருவதுதான் பெரும்பாடு, அதையே எடுத்துச் செய்யுங்கள். 2006-ஆம் வருட குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. இதற்குப் பல் முளைத்தது 2023-24 நிதியாண்டில்தான். அந்த வருடம் முதல் வருமான வரிச் சட்டத்தின் 43பி(ஹெச்) பிரிவு, கெடு தாண்டிய பாக்கியைக் கொடுத்து முடிக்கிற வரைக்கும் வாங்கியவர் அதைச் செலவாகக் காட்ட முடியாது என்று சொல்லிவிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்ணை மட்டும் சரிபார்த்து எழுதுங்கள்.

பில் தேதி, தொகை, பணம் வந்த தேதி என்று மூன்று காலம் எக்ஸெல்லில் போடுங்கள். 2022-23 ஒரு வருடம், 2023-24-க்குப் பிறகு ஒரு வருடம். பணம் வர எத்தனை நாள் ஆனது என்பதைத் தொகையை வைத்து எடை போட்டுச் சராசரி எடுங்கள், ஏனென்றால் 500 ரூபாய் பில் மறுநாளே வந்துவிடும், 50,000 ரூபாய் பில்தான் நாலு மாதம் இழுக்கும், சும்மா சராசரி போட்டால் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தெரியும். நாள் குறைந்திருந்தாலும் சட்டத்தால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்லாதீர்கள், வாடிக்கையாளரே மாறியிருக்கலாம். அப்பா உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) செய்திருக்கிறாரா, எந்தத் தேதியில் செய்தார் என்று முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் இந்தப் பாதுகாப்பை நம்பிப் பேச முடியாது. இதுவரை பதியவில்லை என்றால் இன்றைக்கே பதியச் சொல்லுங்கள், இணையத்தில் இலவசம்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளில் யுபிஐ பற்றி ஆய்வு. 100 பேரிடம் கூகுள் ஃபார்ம் வாங்கிவிட்டேன், ஆனால் நிரப்பியதில் பாதிப் பேர் என் ஃப்ரெண்ட்ஸ். கை-ஸ்கொயர் டெஸ்ட் கட்டாயம் போட வேண்டும் என்கிறார்கள்.
(தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு மாணவி)

ஃப்ரெண்ட்ஸ் நிரப்பியதை எடுத்துப் போட்டுவிடுங்கள் அம்மா. கடைக்காரரைப் பற்றிய ஆய்வுக்குக் கடைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். நாற்பது கடைதான் கிடைத்தது என்றால் நாற்பது என்றே எழுதுங்கள், கிடைத்த கடைகளில் கேட்டோம், இது ரேண்டம் சாம்பிள் இல்லை என்றும் சேர்த்து எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமையோ பண்டிகை சீசனோ போனால் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். செவ்வாய், புதன் கிழமையில் கடை திறந்து சாமான் அடுக்கி முடித்த நேரமாகப் பார்த்துப் போங்கள். காலேஜ் ஐடி கழுத்தில் இருக்கட்டும். 'உங்கள் வருட விற்பனை எவ்வளவு' என்று ஆரம்பித்தால் இன்கம்டாக்ஸ் ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். 'அண்ணா, பத்து ரூபாய் வியாபாரம் ஆனால் அதில் எத்தனை ரூபாய் ஸ்கேன் பண்ணி வருது' என்று கேளுங்கள், உடனே சொல்வார்கள்.

அக்கவுண்ட்ஸ் மாணவியாக நீங்கள் இதில் ஒரு படி மேலே போகலாம். பழைய வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி முறையில், அதாவது லாபத்தை விற்பனையில் இத்தனை சதவீதம் என்று கணித்து, வரி கட்டுகிற சின்ன வியாபாரிக்கு ரொக்க விற்பனையில் 8 சதவீதம் லாபமாக எடுத்துக்கொள்ளப்படும், பேங்க் வழியாக வந்ததில் 6 சதவீதம்தான். மொத்த வரவில் ரொக்கம் 5 சதவீதத்துக்கு மேல் போகாவிட்டால் 2 கோடி என்ற வரம்பு 3 கோடியாகிறது. இது தெரிந்த கடைக்காரர் எத்தனை பேர்? தெரிந்தவர்கள் யுபிஐ-யை அதிகம் வாங்குகிறார்களா? இந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான் கை-ஸ்கொயர். அதுவும் எதிர்பார்க்கும் எண்ணிக்கை ஒவ்வொரு கட்டத்திலும் 5-க்குக் குறையாமல் இருந்தால் நல்லது, குறைந்தால் கட்டங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வயதுக்கும் யுபிஐ-க்கும், ஆண் பெண்ணுக்கும் யுபிஐ-க்கும் என்று கேள்விக்குக் கேள்வி டெஸ்ட் போட்டு பக்கத்தை நிரப்பாதீர்கள்.

ஒரு ஜெராக்ஸ் கடையில் ரெடிமேட் ப்ராஜெக்ட் பெயர் மாற்றித் தருகிறார்கள். பார்ட் டைம் வேலைக்குப் போகிறேன், நேரமே இல்லை. வாங்கிவிடலாமா சார்?
(கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு மாணவர்)

வாங்காதீர்கள் தம்பி. உங்கள் நிலைமை புரிகிறது, வேலைக்கும் போய்ப் படிக்கிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய. அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் வேலை பார்க்கிற இடத்தையே எடுங்கள். மெடிக்கல் ஷாப்பா? ஸ்டாக் எப்படித் திரும்புகிறது, காலாவதியாகி எவ்வளவு போகிறது என்று பாருங்கள். டெலிவரி வேலையா? பெட்ரோலும் வண்டித் தேய்மானமும் போகக் கையில் மணிக்கு எவ்வளவு நிற்கிறது என்று மூன்று மாதம் எழுதுங்கள், முதல் தரமான காஸ்டிங் ஆய்வு அது. வாங்கிய ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு வேலைக்கான இன்டர்வியூவில் 'என்ன ப்ராஜெக்ட் பண்ணே' என்று கேட்டால் இரண்டாவது கேள்விக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

வைவாவை (வாய்மொழித் தேர்வை) நினைத்தாலே பயமாக இருக்கிறது. எனக்கு இங்கிலீஷ் சரளமாக வராது.
(திருவொற்றியூரிலிருந்து ஒரு மாணவி)

வெளியிலிருந்து வருகிற எக்ஸாமினர் பெரும்பாலும் மூன்று விஷயம்தான் பார்ப்பார்: இந்தத் தலைப்பு ஏன், இந்த எண் எங்கிருந்து வந்தது, இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய். உங்கள் ரிப்போர்ட்டில் முக்கியமான மூன்று அட்டவணையை எடுத்து வீட்டில் அம்மாவுக்கோ தங்கைக்கோ தமிழில் விளக்கிப் பாருங்கள். அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வந்துவிட்டால் சின்னச் சின்ன வாக்கியமாக இங்கிலீஷில் சொல்வது கஷ்டமில்லை. தடுமாறினால் 'சார், தமிழில் சொல்லட்டுமா' என்று கேட்டுவிடுங்கள், அதில் தப்பே இல்லை. மூல நோட்டின் ஜெராக்ஸ், நிரப்பிய படிவங்கள், எக்ஸெல் ஃபைல் இருக்கிற பென் டிரைவ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு அட்டவணையின் கூட்டுத்தொகையையும் கால்குலேட்டரில் ஒருமுறை கூட்டிப் பாருங்கள், உள்ளே ஓரிடத்தில் 98 பேர், முதல் பக்கத்தில் 100 பேர் என்று இருந்தால் எக்ஸாமினர் கண் நேராக அங்கேதான் போகும்.