கௌலி லாக் பக்கத்துப் படகு: இடமும் சேர்த்துத்தான் விலையா?

மேற்கு லண்டனில் அக்ஸ்பிரிட்ஜ் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கிராண்ட் யூனியன் கால்வாயில் கௌலி லாக்குக்கு (படகை மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் மாற்றும் கதவுத் தொட்டி) கொஞ்சம் தள்ளி ஒரு பழைய நேரோபோட் (குறுகலான கால்வாய்ப் படகு) விலைக்கு வந்திருக்கிறது. வாடகை கட்டி மாளவில்லை, அதிலேயே குடியேறலாம் என்று பார்க்கிறோம். இடமும் சேர்த்துத்தான் விலை, அதனால்தான் 15 ஆயிரம் பவுண்ட் கூடுதல் என்கிறார் புரோக்கர். லைசென்ஸ் இன்னும் எட்டு மாதம் இருக்கிறதாம், லாக் பக்கத்தில் எல்லா வசதியும் உண்டாம், கவுன்சில் வரியும் கிடையாதாம். இந்த வாரமே டெபாசிட் கேட்கிறார். கொடுக்கலாமா? லாக்கில் படகை ஏற்றி இறக்குவது எங்களைப் போன்ற புதியவர்களுக்குக் கஷ்டமா?"

கொடுக்காதீர்கள். படகு நல்ல படகாகவே இருக்கலாம், அது வேறு பேச்சு. அந்த 15 ஆயிரம் படகுக்கு இல்லை, அது கட்டியிருக்கும் கரைக்கு. அந்தக் கரை விற்பவருக்கும் சொந்தமில்லை, புரோக்கருக்கும் சொந்தமில்லை. தெருவோரம் நிற்கும் காரை விற்கிறவர், அது நிற்கும் இடத்துக்கும் தனியாகக் காசு கேட்டால் கொடுப்பீர்களா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான கால்வாய்கள் 2012 முதல் கேனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை கையில் இருக்கின்றன. படகை வைத்திருக்க அவர்களுடைய லைசென்ஸ் வேண்டும், அது ஆள் பெயரில் இருப்பது. படகு கைமாறினால் பழைய லைசென்ஸ் உங்களுக்கு வராது, மீதி மாதங்களுக்கான பணத்தை விற்றவர் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்வார், நீங்கள் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் காப்பீடும், நான்கு வருடம் வரை செல்லும் படகுப் பாதுகாப்புச் சான்றிதழும், நிரந்தர மூரிங்கும், அதாவது படகைக் கட்டிவைக்க ஓர் இடமும் வேண்டும். மூரிங் இல்லையென்றால், இடம் மாறிப் போய்க்கொண்டே இருப்பேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். 1995ஆம் வருடச் சட்டப்படி அப்படிப்பட்ட படகு ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் கட்டி நிற்கக் கூடாது. அந்த "இடம்" எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று சட்டத்தில் இல்லை. டிரஸ்டும் கோடு போட்டுக் காட்ட மாட்டேன் என்கிறது, வருடம் முழுக்க 20 மைலுக்குள்ளேயே சுற்றினால் எங்களுக்குத் திருப்தி வராது என்று மட்டும் சொல்கிறது. முப்பது வருடமாக ஆயிரக்கணக்கானவர்கள் வீடாக வைத்திருக்கும் விஷயத்துக்கு இவ்வளவுதான் தெளிவு! இந்த மூட்டத்தில்தான் புரோக்கர் பிழைக்கிறார். "யாரும் கேட்க மாட்டார்கள், இவர் ரெண்டு வருஷமா இங்கேதான் இருக்கார்" என்பார். கேட்பார்கள். முதலில் கடிதம் வரும், அப்புறம் லைசென்ஸை ஆறு மாதத்துக்குச் சுருக்குவார்கள், கடைசியில் நீதிமன்றம் வரை போய்ப் படகைத் தூக்கவும் அவர்களுக்கு வழி இருக்கிறது. அன்றைக்குப் புரோக்கர் போனை எடுக்க மாட்டார். போதாக்குறைக்கு 2024 ஏப்ரலிலிருந்து நிரந்தர மூரிங் இல்லாத படகுகளுக்கு லைசென்ஸ் கட்டணத்தோடு கூடுதல் தொகையும் வருகிறது, அதையும் ஆண்டுக்காண்டு ஏற்றுகிறார்கள்.

லாக் பக்கத்து வசதி என்பதையும் பிரித்துப் பாருங்கள். தண்ணீர்க் குழாய், கழிவறை டப்பாவைக் கொட்டும் எல்சன் பாயிண்ட், குப்பைத் தொட்டி எல்லாம் லைசென்ஸ் உள்ள எந்தப் படகுக்கும் பொது, இந்தப் படகோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. குழாயடியில் தண்ணீர் பிடிக்கும் நேரம்தான் நிற்கலாம். லாக்கின் மேலும் கீழும் கரையில் கட்டைகள் நட்டிருக்குமே, அது லாக்குக்குள் போகக் காத்திருக்கிறவர்களுக்கு, அங்கே இரவு தங்கினால் அடுத்த படகுக்காரர் வாயில் விழ வேண்டியதுதான். கௌலியிலிருந்து பேடிங்டன் கிளை வழியாக கேம்டன் வரை ஒரு லாக்கும் கிடையாது, அதனால்தான் இந்தப் பகுதியில் இவ்வளவு கூட்டமும் இவ்வளவு தரகும்.

ஒரு விதிவிலக்கு உண்டு, புரோக்கர்கள் அதைத்தான் எல்லாப் படகுக்கும் போர்த்திவிடுகிறார்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன். படகு தனியார் மரினாவிலோ (படகுகள் நிறுத்தும் துறை) யாருடைய தோட்டத்தின் ஓரத்திலோ முறையான ஒப்பந்தத்தில் நிற்கலாம். அப்போதும் அந்த ஒப்பந்தம் பழையவருக்கும் இடத்துக்காரருக்கும் இடையிலானதுதான். இடத்துக்காரர் சம்மதித்து உங்கள் பெயரில் புதிதாக எழுதிக் கொடுத்தால் மட்டும் இடம் உங்களுடையது. புரோக்கர் சொல்வதும் போதாது, விற்பவர் சொல்வதும் போதாது, அலுவலகத்தில் இருக்கும் பெண் போனில் "பரவாயில்லை, இருங்கள்" என்பதும் போதாது. எழுத்தில், உங்கள் பெயரில், பணம் கைமாறுவதற்கு முன்னால். தோட்டத்து ஓரமென்றால் தோட்டக்காரரோடு டிரஸ்டின் அனுமதியும் வேண்டும். அப்புறம், குடியிருக்கலாம் என்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள், பல மூரிங்குகள் பொழுதுபோக்குக்கு மட்டும்தான். குடியிருப்பு மூரிங்காகவே இருந்தால் கவுன்சில் வரி வரலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படகுக்கு வருகிறேன். இங்கே காருக்கு இருப்பது போன்ற உரிமைப் பதிவு நேரோபோட்டுக்குக் கட்டாயமில்லை, லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது என்பது உரிமைக்குச் சாட்சி ஆகாது. கை மாறிய ஒவ்வொரு தடவைக்குமான விற்பனைப் பத்திரத்தைக் கேளுங்கள், கடன் பாக்கி இல்லை என்று எழுதி வாங்குங்கள். புரோக்கராக அரசு உரிமம் எதுவும் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம், இதைக் கேட்டால் யாரும் நம்புவதில்லை.

தண்ணீருக்கு வெளியே எடுத்து, நீங்கள் நியமித்த சர்வேயரை வைத்துப் பாருங்கள், புரோக்கர் கைகாட்டும் ஆளை வேண்டாம். பாதுகாப்புச் சான்றிதழ் காஸ், மின்சாரம், தீ சம்பந்தப்பட்டது, இரும்பு அரித்திருப்பது அதில் தெரியாது. அடித்தட்டு பொதுவாக 10 மில்லிமீட்டர், பக்கங்கள் 6 என்று கட்டுவார்கள். 4க்குக் கீழே இறங்கிய தகட்டைப் பார்த்தால் பல காப்பீட்டுக் கம்பெனிகள் பின்வாங்கும். நீர்மட்டக் கோட்டை ஒட்டி, புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்த இடத்தைக் கொஞ்சம் சுரண்டச் சொல்லுங்கள், விற்பதற்கு முன் அவசரமாக அடித்த பூச்சுக்கு அடியில் பட்டாணி அளவில் குழிகள் இருக்கும். பக்கத்தில் மேல்தகடு ஒட்டவைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

டெபாசிட்டை இரண்டு நிபந்தனையோடுதான் கொடுக்க வேண்டும்: சர்வே திருப்தியாக இருந்தால், உங்கள் பெயரில் மூரிங் ஒப்பந்தம் கிடைத்தால். இதை எழுதித் தர மாட்டேன் என்றால் அவரிடம் விற்க இடம் இல்லை. அந்த 15 ஆயிரத்தைக் கழித்துவிட்டு, வெறும் படகாக என்ன விலை என்று கேளுங்கள்.

லாக் கஷ்டமா என்று கேட்டீர்கள். இல்லை, அவசரப்படாமல் இருந்தால். மேலேறும்போது லாக்குக்குள் தண்ணீர் விடும் அடைப்புப் பலகையை மெல்லத் திறக்க வேண்டும், படகு ஆடும். ஆபத்து இறங்கும்போதுதான்: மேல் கதவுக்குக் கீழே தண்ணீருக்குள் ஒரு படி இருக்கிறது, சுவரில் அதன் எல்லையை வெள்ளைக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். படகின் பின்பக்கம் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் தங்கிவிட்டால் தண்ணீர் இறங்க இறங்கப் பின்பக்கம் படியில் மாட்டி முன்பக்கம் கீழே போகும், நிமிடங்களில் முழுகிவிடும். ஒருவர் படகில், ஒருவர் கரையில், கரையில் இருப்பவர் பலகைப் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. மாட்டியது போலத் தெரிந்தால் உடனே கீழ்ப்பலகையை மூடிவிட்டு, மேலே இருப்பதை மெதுவாகத் திறந்து தண்ணீர் விட வேண்டும்.