பழைய அமெரிக்கக் கார்களில் ஏசி: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தி விற்ற முதல் கார் காடிலாக்தானே?

பதில்: இல்லை, அந்தப் பெருமை பேக்கார்டு நிறுவனத்துக்கே உரியது. 1939 நவம்பரில் சிகாகோ கண்காட்சியில் காட்டினார்கள். 1940 மாடல்களில் 274 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் கிடைத்தது. காடிலாக் 1941இல்தான் வந்தது. அதுவும் 300 கார்கள் மட்டுமே.

கேள்வி: அப்படிப்பட்ட வசதியைப் பேக்கார்டு ஏன் விரைவிலேயே கைவிட்டது, சார்?

பதில்: குளிர்ச்சியில் குறையில்லை, அதைக் கட்டுப்படுத்துவதில்தான் குறை. குளிரூட்டும் வாயுவை அழுத்தும் கம்ப்ரசரை எஞ்சினோடு பெல்ட் நேரடியாகப் பிணைத்திருந்தது. வேண்டாதபோது இணைப்பை விடுவிக்கும் கிளட்ச் நடுவில் கிடையாது. எஞ்சின் ஓடும்வரை அதுவும் ஓடும். வெப்பநிலையைப் பார்த்துக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் இல்லை. ஓட்டுபவர் கையில் இருந்தது காற்றாடியின் சுவிட்ச் ஒன்றுதான். ஏசியை முழுதாக நிறுத்த வேண்டுமானால் எஞ்சினை அணைத்து, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அவ்வளவு விலை கொடுத்து வாங்கியவர் குளிர்காலத்தில் இந்த வேலையைச் செய்வாரா? போதாக்குறைக்கு டிக்கியில் பாதி இடத்தையும் கருவியே பிடித்துக்கொண்டது. 1941 மாடலோடு பேக்கார்டு அதை விட்டுவிட்டது. அடுத்து போர் வந்து, 1942 பிப்ரவரியில் கார் உற்பத்தியே நின்றது.

கேள்வி: 1953 காடிலாக் படம் ஒன்றில், பின்சீட்டுக்குப் பின்னால் இரண்டு கண்ணாடிபோன்ற குழாய்கள் மேலே ஏறுகின்றன. அவை எதற்கு?

பதில்: நல்ல கவனிப்பு! டிக்கியில் இருக்கும் குளிர்விப்பானிலிருந்து குளிர்காற்றைக் கூரைக்குக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் குழாய்கள் அவை. அங்கிருந்து பயணிகளின் தலைக்கு மேலுள்ள துளைகள் வழியாகக் காற்று இறங்கும். கம்ப்ரசர் எஞ்சினருகே, குளிர்விப்பான் டிக்கியில் என்பதால் வாயுக் குழாய்கள் காரின் நீளம் முழுவதும் ஓட வேண்டியிருந்தது.

கேள்வி: இன்றைய அமைப்புக்கு முன்னோடி எது?

பதில்: சொகுசுக் கார்களை ரசிப்பவர்களுக்கு வருத்தமாக இருக்கலாம், ஆனால் என் ஓட்டு நாஷ் நிறுவனத்துக்குத்தான். 1954இல் எல்லா உறுப்புகளையும் பானட்டுக்கு அடியிலும் டாஷ்போர்டிலும் அடக்கி, வெப்பமூட்டியையும் ஏசியையும் ஒரே அமைப்பாக்கினார்கள். விலை 345 டாலர். டிக்கி முழுதும் பெட்டிகளுக்கே கிடைத்தது. தானாக வெப்பநிலையைப் பேணும் வசதியைக் காடிலாக் 1964இல் கொண்டுவந்தது. அது உண்மையிலேயே பெரிய சாதனை.

கேள்வி: இப்படிப்பட்ட காரில் இப்போது ஆர்-134ஏ என்ற குளிரூட்டும் வாயுவை நிரப்பலாமா?

பதில்: வெறுமனே நிரப்பிவிடாதீர்கள். இவை ஆர்-12 வாயுவுக்காகச் செய்தவை. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1995 முடிவோடு நின்றது. பழைய கனிம எண்ணெய் 134ஏயுடன் கலக்காது. எண்ணெய் போய்ச் சேராமல் கம்ப்ரசர் இறுகி நின்றுவிடும். எண்ணெயை முழுதும் வடித்து, பொருத்தமான புதிய எண்ணெய் ஊற்றி, ரப்பர் குழாய்களையும் சீல்களையும் மாற்றிய பிறகே வாயுவை ஏற்றுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்துங்கள். மாற்றுப் பாகம் கிடைப்பது மிக அரிது.