பாய்காட்: ஆள் பெயர் வினைச்சொல்லான கதை

கேள்வி: சார், பிடிக்காத ஹோட்டலுக்குப் போகாமல் இருந்தால் அது பாய்காட்டா?

பதில்: சாப்பாடு பிடிக்காமல் போகாவிட்டால் அது உங்கள் நாக்கு விவகாரம். முதலாளி ஊழியர்களுக்குச் சம்பள பாக்கி வைத்திருக்கிறார், கொடுக்கும்வரை போகமாட்டேன் என்றால்தான் பாய்காட். அதில் ஒரு கண்டனம் இருக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்தால்தான் உறைக்கும்.

கேள்வி: கிரிக்கெட் ஜெஃப்ரி பாய்காட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: பெயர்தான் ஒன்று. இந்தச் சொல்லுக்குப் பெயர் கொடுத்தவர் சார்லஸ் பாய்காட், அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜென்ட். 1880இல் குத்தகைக்காரர்கள் குத்தகையை 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். பிரபு 10 சதவீதத்தோடு நின்றுவிட்டார். பாய்காட், காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினார். அவ்வளவுதான், வேலையாட்கள் நின்றுவிட்டார்கள். துணி வெளுக்க ஆளில்லை, குதிரைக்கு லாடம் அடிக்க ஆளில்லை, கடையில் சாமான் கிடையாது. கிட்டத்தட்ட நம்மூர் ஊர்விலக்குதான். ஆனால் இங்கே வலுத்தவர் எளியவரைத் தள்ளிவைப்பார், அங்கே தலைகீழ்!

வயலில் கிழங்கு அழுகக்கூடாதே என்று அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரிலிருந்து 50 பேரை அறுவடைக்கு இறக்கினார்கள். அவர்களுக்குக் காவலாக நூற்றுக்கணக்கில் ராணுவமும் போலீசும். சுமார் 500 பவுண்டு பயிரைக் காப்பாற்ற 10,000 பவுண்டு செலவானதாகச் சொல்வார்கள். டிசம்பரில் பாய்காட் அயர்லாந்தை விட்டே கிளம்பிவிட்டார்.

கேள்வி: அவர் பெயரை வினைச்சொல் ஆக்கியது யார்?

பதில்: ஓ'மாலி என்ற உள்ளூர்ப் பாதிரியார். விலக்கிவைப்பதற்கு இருந்த 'ஆஸ்ட்ரசைஸ்' விவசாயிகள் வாயில் நுழையாது, 'பாய்காட்' என்றே சொல்லலாமே என்றாராம். கூட இருந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் ரெட்பாத் எழுதிவைத்தது இது. அந்த நவம்பரிலேயே லண்டன் பத்திரிகைகளில் சொல் வந்துவிட்டது.

கேள்வி: என் பையன் 'பாய்காட் ஃப்ரம் தி எலெக்‌ஷன்' என்று எழுதுகிறான். சரியா?

பதில்: 'ஃப்ரம்' வேண்டாம், 'அகெய்ன்ஸ்ட்'டும் வேண்டாம். 'பாய்காட் தி எலெக்‌ஷன்', அவ்வளவே. பெயர்ச்சொல்லாக வந்தால் மட்டும் 'தி பாய்காட் ஆஃப் தி எலெக்‌ஷன்'.

கேள்வி: போட்டிக்குப் போகாத நாடுகள் எல்லாமே பாய்காட் செய்தவைதானா?

பதில்: இல்லை. தகுதி பெறாமல் போகாதவர்களை அப்படிச் சொல்லக்கூடாது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸை அமெரிக்கா பாய்காட் செய்தது, சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்ததைக் கண்டித்து. பல வலுவான ஹாக்கி அணிகளும் வரவில்லை. இந்தியா போனது. ஹாக்கியில் நம்ம பாஸ்கரன் தலைமையில் தங்கமும் வாங்கியது.