வாசகர் கேள்வி – பதில்: தங்கைக்கு ஒரு பழைய எஸ்யூவி

கேள்வி: ஆசிரியையான என் தங்கை பினாங்கு, பாலிக் பூலாவில் கணவர், மாமனார், மாமியார், 11, 8, 3 வயதுடைய மூன்று பிள்ளைகள் ஆகியோருடன் வசிக்கிறாள். அவள் நாள்தோறும் பள்ளிக்கு ஓட்டிச் செல்லவும், விடுமுறையில் எழுவரும் பாலிங்கிலுள்ள எங்கள் வீட்டுக்கு வரவும் ஒரு பெரிய எஸ்யூவி வாங்கித் தர அண்ணன்மார் மூவரும் முடிவு செய்துள்ளோம். ஒரு லட்சம் ரிங்கிட் சேர்த்து வைத்திருக்கிறோம். கோலாலம்பூரில் ஒரு விற்பனையாளரிடம், ஜப்பானிலிருந்து இறக்குமதியான 2009-ஆம் ஆண்டு பெட்ரோல் லேண்ட் குரூஸரும், 2017-இல் இங்கேயே பதிவான இசூசு எம்யூ-எக்ஸ் டீசல் வண்டியும் உள்ளன. லேண்ட் குரூஸர்தான் காலத்துக்கும் உழைக்கும் என்று பலர் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: எம்யூ-எக்ஸையே பாருங்கள். லேண்ட் குரூஸரின் உறுதியைப் பற்றி உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வண்டியை வாங்கித் தருபவர்கள் நீங்கள். அதைக் கட்டிக் காக்க வேண்டியவர் உங்கள் தங்கை. அக்காலத்து 200 வரிசை லேண்ட் குரூஸரின் பெட்ரோல் எஞ்சின் 4,600 சிசிக்கும் மேற்பட்ட வி8. நம் நாட்டில் சாலை வரி எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்து ஏறுவதால், ஆண்டுதோறும் அந்தச் சுமை ஓர் ஆசிரியையின் சம்பளத்தில் விழும். இரண்டரை டன்னை ஒட்டிய எடையுள்ள வண்டிக்குப் பிரேக், டயர், சஸ்பென்ஷன் என எதை மாற்றினாலும் செலவு அதன் எடைக்கேற்பவே இருக்கும். இறக்குமதியான வண்டி என்பதால், கெரானில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) தயாரித்த ஆண்டையும் இங்கே பதிவான நாளையும் தனித்தனியே பாருங்கள். இரண்டுக்கும் இடையே சில ஆண்டுகள் இருக்கக்கூடும், வண்டியின் உண்மையான வயது முதலாவதே.

எம்யூ-எக்ஸ், இசூசுவின் டி-மேக்ஸ் பிக்-அப்பின் அடிச்சட்டத்தின்மீது கட்டப்பட்டது. அதன் 2.5, 3.0 லிட்டர் டீசல் எஞ்சின்களில் டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் இருப்பதால், குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை பெல்ட் மாற்றும் செலவு இல்லை. டி-மேக்ஸ் நாடெங்கும் ஓடுவதால் அதன் வேலை தெரிந்த பட்டறையும் எளிதில் கிடைக்கும். எண்ணெய்க் கணக்கை மட்டும் பழைய விலையில் போட்டுவிடாதீர்கள். 2024 ஜூன் 10 முதல் தீபகற்பத்தில் டீசலுக்கான பொது உதவித்தொகை நீக்கப்பட்டு, லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு உயர்ந்தது. அதன்பின் விலை சந்தையை ஒட்டியே மாறி வருகிறது. உங்கள் தங்கையின் பள்ளி வீட்டிலிருந்து ஐந்து நிமிடத் தொலைவில்தான் என்றால் டீசல் வண்டியே வேண்டாம் என்பது என் கருத்து. எஞ்சின் சூடேறுவதற்குள் நின்றுவிடும் குறுகிய ஓட்டம், டீசல் எஞ்சினில் கரியைப் படிய வைக்கும். அப்படியானால் 2.7 லிட்டர் பெட்ரோல் ஃபார்ச்சூனரைத் தேடலாம். அது எண்ணெய் அதிகம் குடிக்கும், ஆயினும் எளிய, உறுதியான எஞ்சின்.

இருக்கைகளைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. எழுவர் பயணம் செய்யும் குடும்பத்தில் முதலில் தீர்க்க வேண்டியது அதுதான். இத்தகைய வண்டிகளின் மூன்றாம் வரிசையில் தரை உயர்ந்தும் இருக்கை தாழ்ந்தும் இருக்கும். முழங்கால் மார்பை நோக்கி எழும்பும். பெரியவர்களை அங்கே உட்கார வைத்துப் பாலிங் வரை அழைத்து வருவது கொடுமை. ஆகவே மூத்த பிள்ளைகள் இருவரும் பின்னால், மாமனார், மாமியார், கடைக்குட்டி மூவரும் நடுவில் என்றுதான் அமைய வேண்டும். சிறுவர் இருக்கை நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். நடு வரிசையின் ஒரு பாதியை முன்னால் மடித்தால்தான் பின்வரிசைக்கு ஏற முடியும். சிறுவர் இருக்கை பொருத்திய பாதியை அப்படி மடிக்க இயலாது. ஆகவே அதை ஒரு பக்கம் பொருத்தி, மறுபக்கத்தை மடித்து மூத்த பிள்ளைகளை ஏற்றிப் பாருங்கள். பணம் கட்டுமுன் குடும்பம் முழுவதும் வண்டியில் ஒருமுறை ஏறி இறங்குவது, எந்த விளம்பரத் தாளும் சொல்லாததைச் சொல்லிவிடும். குறிப்பாக, மாமியாருக்கு முழங்கால் வலி இருக்குமானால் படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பற்றி அவரால் தாமாக ஏற முடிகிறதா என்று பாருங்கள். ஃபார்ச்சூனரில் மூன்றாம் வரிசை இருபுறமும் மேலே மடிந்து நிற்பதால் சாமான் வைக்கும் அகலம் குறையும். எம்யூ-எக்ஸில் அது சமமாகப் படுத்துவிடும். எழுவரும் ஏறிவிட்டால் எந்த வண்டியிலும் பின்னால் இரண்டு பைகளுக்கு மேல் இடம் பார்க்க முடியாது.

இனி, வண்டியின் பூர்வீகம். கோலாலம்பூரிலிருந்து வரும் எந்த வண்டியானாலும் 2021 டிசம்பர் வெள்ளத்தை மனத்தில் வையுங்கள். ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் வண்டிகள் மூழ்கிக் கிடந்ததை நாம் மறந்துவிடவில்லை. இருக்கைப் பட்டையை, குறிப்பாகப் பின்வரிசையில் உள்ளதை, முடிவு வரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவிவிடலாம். உள்ளே சுருண்டிருக்கும் கடைசி முழத்தில் சேற்றுக் கறை கோடாகத் தங்கியிருக்கும். இருக்கை நகரும் தண்டவாளத்தில் துருவும், விரிப்பின் அடியில் ஈர வாடையும் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். இவ்வகை வண்டிகளில் சில, எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலும் படகு இழுப்பதிலும் பாடுபட்டவை. பட்டறையில் வண்டியைத் தூக்கியில் ஏற்றி அடிச்சட்டத்தில் வளைவு, புதிய வெல்டிங், காய்ந்த சேறு ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் வரும்வரை எஞ்சினை இயக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் உயிர் பெறும் அந்த முதல் நிமிடத்தில்தான் டீசல் வண்டி தன் நோயைச் சொல்லும். நீலப் புகை நிற்காமல் வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள். நாற்சக்கர இயக்கம் உள்ள வண்டி என்றால் எச்4 (வேகமான ஓட்டத்துக்கானது), எல்4 (மெதுவான, இழுவை மிக்க ஓட்டத்துக்கானது) இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்தாமல் சிலவற்றில் அது இறுகிப் போயிருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. இவ்வளவு பழைய டயர்களைப் பார்த்தால், நான்கையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

பெயர் மாற்றத்துக்காக, வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோம் செய்யும் பி5 சோதனையை வண்டியின் நலச் சான்றிதழாகக் கொள்ளாதீர்கள். அடிச்சட்ட (சேசிஸ்) எண், எஞ்சின் எண் ஆகியவை சரியா, திருத்தப்பட்டவையா என்பதே அதன் முதன்மையான கவலை. கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை காலம் உழைக்கும் என்று அது சொல்லாது. விற்பவருக்குச் சம்பந்தமில்லாத, நீங்கள் கூலி கொடுத்து அழைத்துச் செல்லும் போமன் (மெக்கானிக்) ஒருவர்தான் அதைச் சொல்ல வேண்டும். ஒரு லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாமல், முதல் ஆண்டின் டயர், பேட்டரி, கியர் ஆயில் ஆகியவற்றுக்கென ஒரு பங்கைத் தங்கையின் கையில் கொடுத்துவையுங்கள்.

கேள்வி: தந்தைக்காக ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய ஏழு இருக்கை எஸ்யூவியின் கியர்பாக்ஸ் மூன்றே வாரத்தில் பழுதானது. “பார்த்துத்தானே வாங்கினீர்கள்” என்று கைவிரிக்கிறார். வழி உண்டா?
– வாசகி, செந்தூல்

பதில்: உண்டு. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், வியாபாரி விற்கும் பழைய பொருளுக்கும் ஏற்கத்தக்க தரம் வேண்டும் என்கிறது. பொருளின் விலையும் தன்மையும் கருதப்படும். பழுதைப் பட்டறையில் எழுத்தில் வாங்கி, விற்பனையாளருக்குக் கடிதம் அனுப்பி, பதில் இல்லையெனில் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடுங்கள். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை. தனி மனிதரிடம் நேரடியாக வாங்கியிருந்தால் இந்த வழி கிடையாது.