மழை விட்ட மறுநாள்: தோட்டத்துக் காளான் கேள்விகள்

ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்தால் போதும், எனக்கு வரும் கேள்விகளில் உரமும் பூச்சியும் பின்னுக்குப் போய், காளான் முன்னுக்கு வந்துவிடும். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தைப் பார்த்து "இதைச் சாப்பிடலாம்" என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. "சாப்பிடாதீர்கள்" என்று மட்டும் தாராளமாகச் சொல்வேன்.

எங்கள் கொறங்காட்டில் (மானாவாரி மேய்ச்சல் நிலம்) அப்பத்தா புற்றுக்காளான் பறித்து வந்து குழம்பு வைப்பார். இடத்தைக் காட்டாமலே போய்விட்டார். எங்கே, எப்போது தேடுவது? (காங்கேயம்)

காளான் இடத்தை யாருக்கும் காட்டாமல் போவது அந்தத் தலைமுறையின் வழக்கம். என் அம்மாயியும் அப்படித்தான்.

புற்றுக்காளானைப் பயிரிடுவது கரையான். காய்ந்த இலை, சுள்ளி, சருகு எல்லாவற்றையும் தின்று, அந்தக் கழிவைக் கொண்டு நிலத்துக்கு அடியில் கடற்பஞ்சு போன்ற கூடு கட்டி, அதன்மேல் பூஞ்சையை வளர்த்து உண்கிறது. மண் நன்றாக நனைந்ததும் அந்தப் பூஞ்சை கூட்டிலிருந்து தண்டை மேலே அனுப்புகிறது. நாம் பறிப்பது அதைத்தான். மனிதன் இன்னும் இதைப் பண்ணை வைத்து வளர்க்கக் கற்கவில்லை. கரையான் இந்த விவசாயத்தைப் பல கோடி ஆண்டுகளாகச் செய்கிறது.

எனவே காளானைத் தேடாதீர்கள், கரையானைத் தேடுங்கள். புற்று மேலெழுந்துதான் இருக்க வேண்டும் என்பதில்லை. கூடு நிலத்துக்குள்ளேயே இருந்து, மேலே சமதரையாக இருப்பதும் உண்டு. வெள்வேல மரத்தடி, கிளுவை வேலியோரம், காய்ந்த சாணம் கிடக்கும் பட்டி ஓரம் என்று பாருங்கள். காலம், கோடைமழைக்குப் பிறகும் புரட்டாசி, ஐப்பசி மழைக்குப் பிறகும். இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பார்கள். இடியோடு வரும் கனமழை மண்ணை ஆழமாக நனைக்கிறது என்பதே எனக்குப் போதுமான விளக்கம். கூடு உயிரோடு இருந்தால் பெரும்பாலும் அதே இடத்தில், அதே பருவத்தில் மீண்டும் வரும். தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். விடியற்காலையில் மொட்டாக இருக்கும்போதே போக வேண்டும். நன்றாக விரிந்துவிட்டால் புழு முந்திக்கொள்ளும்.

அடையாளம் மண்ணுக்குள் இருக்கிறது. தரையோடு கிள்ளி எடுத்தால் முக்கியமான சாட்சியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறீர்கள் என்று பொருள். களைக்கொத்தால் ஒன்றையாவது பொறுமையாகத் தோண்டுங்கள். தண்டு வேர்போல மெலிந்து நீண்டு கீழே கரையான் கூடு வரை இறங்கும். குடையின் நடுவில் சற்றே நிறம் கூடிய கூர்முனை இருக்கும். அடி மடிப்புகள் வெள்ளையாகத் தொடங்கி மெல்ல இளஞ்சிவப்பாகும். இவ்வளவும் பொருந்தினாலும், முதல் தடவை இதைப் பறித்துப் பழகிய பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் சமைக்காதீர்கள். கரையானுக்குக் குளோர்பைரிபாஸ் பூச்சிமருந்து ஊற்றிய நிலமென்றால் எந்தக் காளானும் வேண்டாம். புற்றுக்குள் கையை விடவும் வேண்டாம். அங்கே குடியிருப்பது கரையான் மட்டுமல்ல.

வீட்டுப் புல்தரையில் வட்டமாக வெள்ளைக் குடைகள், ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். மேலே தவிட்டு நிறச் செதில், தண்டில் ஒரு வளையம். பார்க்கச் சுத்தமாக இருக்கின்றன. சமைக்கலாமா? (கோவை)

கூடாது. குடையின்மேல் தவிட்டு நிறச் செதில், தண்டில் மோதிரம்போல ஒரு வளையம், புல்தரையில் வட்டம் என்று நீங்கள் சொல்வதெல்லாம் பச்சை வித்துக் காளானைக் காட்டுகின்றன. இதன் பெயர் குளோரோபில்லம் மோலிப்டைட்டிஸ். நம் பக்கத்துப் புல்தரைகளில் இது சாதாரணம்.

கல்லூரி நாட்களில் விளையாட்டுத் திடலிலிருந்து இதைப் பறித்து வந்து, நாங்கள் மூன்று பேர் முட்டையோடு வதக்கித் தின்றோம். சுவை நன்றாக இருந்தது, அதுதான் சிக்கல். இரண்டு மணி நேரத்தில் தொடங்கிய வாந்தியும் பேதியும் விடியும்வரை நிற்கவில்லை. தாவர நோயியல் படிக்கப் போனதற்கு அந்த இரவும் ஒரு காரணம்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். தண்டை வெட்டிவிட்டு, விரிந்த குடையை ஒரு வெள்ளைத் தாளின்மேல் கவிழ்த்து வைத்து, பாத்திரம் ஒன்றால் மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் குடையைத் தூக்கினால், மடிப்புகளின் கோடுகள் அப்படியே தாளில் வித்துத் தூளாக விழுந்திருக்கும். இதற்கு அது காய்ந்த பாசியின் பச்சையாக இருக்கும். இளம் குடையில் மடிப்புகள் வெள்ளையாகவே இருப்பதால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டலாம், அவ்வளவு அழகு.

வட்டம் ஏன்? பூஞ்சை இழை ஒரு புள்ளியில் தொடங்கி எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுகிறது. விளிம்பில்தான் குடை வரும்.

வெள்ளிக் காசு போட்டு வேகவைத்தால் நஞ்சு தெரிந்துவிடுமாமே? (தாராபுரம்)

தெரியாது. பூண்டு, வெங்காயம், அரிசி நிறம் மாறும் என்பதும் கதை. அணில் கடித்தது, நத்தை தின்றது என்பதும் நமக்குச் சான்றாகாது. அமனிட்டா என்ற மிகக் கொடிய காளான் வகைகளின் நஞ்சு கொதித்தாலும் போகாது. அதில் வாந்தி ஆறு மணி நேரத்துக்கும் மேல் கழித்தே தொடங்கும். பிறகு சரியாகிவிட்டதுபோல ஒரு நாள் இருக்கும். அதற்குள் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். ஆகவே, காளான் தின்றபின் வயிறு புரட்டினால் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். மிச்சமிருக்கும் காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள்.

தென்னை மரத்தின் அடியில் மெருகு பூசியதுபோல் பழுப்பு நிறத்தில் கட்டைக் காளான் வந்திருக்கிறது. மருந்துக்கு விலை போகும் என்கிறார்கள். (பொள்ளாச்சி)

விலையை விடுங்கள், மரத்தைப் பாருங்கள். இது கானோடெர்மா என்ற பூஞ்சை, தென்னைக்கு அடித்தண்டழுகல் நோயைத் தருவது. 1952இல் தஞ்சாவூர்ப் பகுதியில் கவனிக்கப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் என்ற பெயரும் இந்த நோய்க்கு உண்டு. அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு கசிந்திருக்கும், அடிமட்டைகள் தொங்கியிருக்கும். காளான் வெளியே தெரியும்போது நோய் உள்ளே வெகுதூரம் போயிருக்கும். அந்த மரம் பெரும்பாலும் பிழைக்காது. வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

காப்பாற்ற வேண்டியது பக்கத்து மரங்களை. நோய் மரத்தைச் சுற்றி அகழி வெட்டி வேர்த் தொடர்பைத் துண்டியுங்கள். ஒரு மரத்தின் வட்டப்பாத்தித் தண்ணீர் அடுத்த மரத்துக்குப் பாயக் கூடாது. வாய்க்கால் பாசனத் தோப்புகளில் நோய் வரிசையாக நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கும் 50 கிலோ தொழு உரமும் போடுங்கள். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைத் தொழு உரத்தில் கலந்து இடுங்கள். இடையில் வாழை வைப்பதும் நோயைக் குறைக்கும்.

துளசித் தொட்டியில் எலுமிச்சை மஞ்சளில் சிறு குடைகள். (திருப்பூர்)

மண்கலவையோடு வந்த விருந்தாளி. செடியை ஒன்றும் செய்யாது. தின்றால் வயிற்றைக் கலக்கும், எனவே குழந்தைகள் உள்ள வீட்டில் பறித்துப் போடுங்கள். இல்லையென்றால் பார்த்துக்கொண்டிருங்கள், ஓரிரு நாளில் தானே சாய்ந்துவிடும்.

குளியலறைக்குப் பின்னால் எலி செத்த நாற்றம். தேடினால் எலி இல்லை, வலைப் பாவாடை கட்டிய வெள்ளைக் காளான் ஒன்று நிற்கிறது! (சத்தியமங்கலம்)

உங்கள்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நான் இதை வாழ்நாளில் நான்கு முறைதான் பார்த்திருக்கிறேன். மண்ணில் கோழிமுட்டைபோல் ஒன்று முதலில் வந்திருக்கும். அது விடியலில் பிளந்து, சில மணி நேரத்தில் தண்டு எழுந்து, நுனியிலிருந்து பின்னல் வலை இறங்கும். நுனியில் பச்சை கலந்த பழுப்புக் கூழ் இருக்கிறதல்லவா, நாற்றம் அதிலிருந்துதான். வித்து முழுவதும் அதில் இருக்கிறது. ஈக்கள் பிணமென்று நம்பி வந்து உட்கார்ந்து, காலில் ஒட்டிக்கொண்டு போய் வேறிடத்தில் சேர்க்கும். பெரும்பாலான காளான்கள் காற்றை நம்ப, இது ஈயை நம்புகிறது. வெயில் ஏறினால் சுருண்டுவிடும். மூக்கைப் பிடித்துக்கொண்டாவது நன்றாகப் பாருங்கள். சீனத்தில் இந்த இனத்தை நுனிக் கூழை நீக்கிக் காயவைத்துச் சூப்பில் போடுகிறார்கள். நமக்கு வேண்டாம்.

பயப்படாமல் சாப்பிட வீட்டிலேயே என்ன வளர்க்கலாம்? (நாமக்கல்)

பால்காளான். நம் வெயிலைத் தாங்கும், 30 முதல் 35 டிகிரி இதற்கு உகந்தது. வேளாண் பல்கலைக்கழகம் 1998இல் ஏபிகே 2 என்ற ரகத்தை வெளியிட்ட பிறகு இது வீடுகளுக்குள் வந்தது. வைக்கோலை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்து, ஈரம் வடித்து, காளான் வித்தோடு (தானியத்தில் வளர்த்த பூஞ்சை இழை) அடுக்கடுக்காகப் பாலிதீன் பையில் அடைப்பார்கள். இழை வெள்ளையாகப் பரவியதும் மேலே வெந்த மண்ணைப் பரப்பிப் பன்னீர் தெளிப்பதுபோல் நீர் தெளிக்க வேண்டும். முதல் பையை மட்டும் கோவையில் பயிற்சி எடுத்துவிட்டுப் போடுங்கள். வித்து கெட்டால் எல்லாம் கெடும்.

சமையலுக்குப் பள்ளிபாளையம் முறைக்கு மிஞ்சியது இல்லை. நல்லெண்ணெயில் விதை நீக்கிய வரமிளகாய், இரண்டு கைப்பிடி சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பிறகு காளான், மஞ்சள், உப்பு. தண்ணீர் சேர்க்காதீர்கள், காளானே விடும். அது சுண்டியதும் தேங்காய்ப் பல். தள்ளுவண்டியில் விற்கும் 'காளான்' வேறு சங்கதி. அதில் பாதிக்கு மேல் முட்டைக்கோஸ், அதுவும் எனக்குப் பிடிக்கும்.

தென்னை மட்டைத் துண்டில் குட்டிக் கிண்ணம் முளைத்திருக்கிறது, உள்ளே முட்டை இருக்கிறது. எந்தக் குருவி போட்டது? (ஆறாம் வகுப்பு மாணவி, ஈரோடு)

குருவி இல்லை கண்ணு, இதுவும் காளான்தான். கிண்ணத்துக்குள் கம்பு மணி அளவில் கிடப்பவை வித்துப் பொட்டலங்கள். மழைத்துளி சரியாகக் கிண்ணத்தில் விழுந்தால் பொட்டலம் தெறித்து வெளியே போய்ப் புல்லிலோ குச்சியிலோ ஒட்டிக்கொள்ளும். மட்டையைச் சுற்றி வெள்ளைத் துணி விரித்து, அப்பாவை ஸ்டூலில் ஏற்றி, கையை உயர்த்திப் பெரிய சொட்டாகத் தண்ணீர் விடச் சொல். நிறையச் சொட்டு குறி தவறும். ஒன்று சரியாக விழும்போது துணியைப் பார்.