அட்டைப் படத்துக்கு ஒரு விலை, டி-சட்டைக்கு வேறு விலை

கேள்வி: எனக்கு 25 வயது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் வடிவமைப்பு படித்தேன். பகலில் ஒரு நிறுவனத்தில் வேலை. என்எஸ் (தேசிய சேவை) காலத்து நண்பர்கள் நான்கு பேர் தமிழ் பேண்டு நடத்துகிறார்கள். இரண்டு வருடமாக அவர்களுக்கு போஸ்டர் செய்து தருகிறேன், அவர்கள் சாப்பாடு வாங்கித் தருவார்கள். போன வருடம் முதல் ஆல்பத்துக்கு அட்டைப் படம் வரைந்ததற்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தார்கள். இப்போது அதே படத்தை டி-சட்டையில் அடித்து ஒன்று 30 வெள்ளிக்கு விற்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, என் பெயரும் எங்கும் இல்லை. கேட்டால், "அதான் காசு கொடுத்துட்டோமே மச்சி" என்கிறார்கள். இன்னும் இரண்டு பேண்டுகள் என்னைக் கேட்டிருக்கின்றன. எவ்வளவு கேட்பது, எப்படிக் கேட்பது?
- உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: "காசு கொடுத்துட்டோமே" என்கிறார்கள். சரி, எதற்குக் கொடுத்தார்கள்? அவர்கள் படத்தையே வாங்கிவிட்டதாக நினைக்கிறார்கள். நீங்கள் ஆல்பத்துக்கு மட்டும் கொடுத்ததாக நினைக்கிறீர்கள். கொடுத்த அன்றைக்கு இரண்டு தரப்பும் இதை வாய்திறந்து பேசவில்லை. அதனால் உங்கள் நண்பர்கள் திருடிவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பேசாமல் விட்டதில் உங்களுக்கும் பாதிப் பங்கு உண்டு, தம்பி.

சட்டம் என்னவோ உங்கள் பக்கம்தான். சிங்கப்பூரில் ஒரு படத்தை வரைந்ததுமே பதிப்புரிமை வரைந்தவருக்கு வந்துவிடும். எங்கும் போய்ப் பதிய வேண்டியதில்லை. சம்பள வேலையின் பகுதியாக வரைந்தால்தான் முதலாளிக்குப் போகும். அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தருவதென்றால் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். நூறு வெள்ளியைக் கையில் வைத்தால் மட்டும் மாறாது. அப்புறம், 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் புதிய பதிப்புரிமைச் சட்டம், படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற உரிமையையும் தந்திருக்கிறது. உங்கள் பெயர் விட்டுப்போனது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் இதையெல்லாம் அச்சடித்து எடுத்துக்கொண்டு போய் நண்பர்கள் முன்னால் நீட்டாதீர்கள். தேக்காவில் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்து, எத்தனை சட்டை அடித்தார்கள், அடிக்க என்ன செலவு என்று முதலில் கேளுங்கள். ஐம்பது சட்டை அடித்து முப்பது விற்கும் பேண்டுக்குக் கையில் நிற்பது ஒத்திகை அறை வாடகைக்கே போதாது. இந்தத் தொகுதியை விட்டுக்கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. அடுத்த தொகுதியிலிருந்து சட்டைக்கு 3 வெள்ளி என்று பேசிக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் இன்றைக்கே போடச் சொல்லுங்கள். அதற்கு அவர்களுக்கு ஒரு காசு செலவில்லை.

புதிதாக வரும் இரண்டு பேண்டுகளுக்கு வருவோம். நீங்கள் விற்பது படத்தை இல்லை, படத்தை எங்கெங்கே போட்டுக்கொள்ளலாம் என்ற அனுமதியை. இது பிடிபட்டால் விலை சொல்லும் கூச்சம் பாதி போய்விடும். வரைய உட்காருவதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் இப்படி ஒன்று அனுப்புங்கள்:

"அண்ணே, ஆல்பம் அட்டைக்கு 350 வெள்ளி. ஸ்பாட்டிஃபை, யூடியூப், இன்ஸ்டகிராம், கச்சேரி போஸ்டர் எல்லாவற்றிலும் போட்டுக்கொள்ளலாம். இரண்டு திருத்தம் வரைக்கும் இதிலேயே அடக்கம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 40. டி-சட்டை, ஸ்டிக்கர் என்று விற்பதாக இருந்தால் தனியாகப் பேசிக்கொள்வோம். என் பெயரைப் போட்டுவிடுங்கள். பாதிப் பணம் பேநவ்வில் வந்ததும் ஆரம்பிக்கிறேன்."

அந்தப் பக்கத்திலிருந்து "ஓகே" என்று வந்தால் போதும். 350 என்பது நான் உதாரணத்துக்குச் சொன்னது. உங்கள் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும். போன ஆல்பத்துக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் ஆனது? பாட்டைக் கேட்டது, மூன்று ஓவியத்தைக் கிழித்துப் போட்டது எல்லாவற்றையும் சேருங்கள். 14 மணி நேரம், மணிக்கு 25 வெள்ளி என்றால் 350. நீங்கள் வாங்கிய நூறை பதினான்கால் வகுத்துப் பாருங்கள், தூக்கம் வராது. இன்னொன்று, பேண்டில் ஐந்து பேர் என்றால் ரசனையும் ஐந்து. டிரம்மர் நீலம் கேட்பார், பாடகர் சிவப்பு கேட்பார். உங்களிடம் பேச ஒருவரை மட்டும் நியமிக்கச் சொல்லுங்கள்.

பேண்டின் பெயரெழுத்தை, அதாவது லோகோவை, மட்டும் வேறாகப் பாருங்கள். அது ஆல்பத்தோடு முடிவதில்லை, பேண்டு இருக்கும்வரை மேடையிலும் மேளத்திலும் இருக்கும். அதை முழு உரிமையோடு எழுதிக் கொடுத்துவிடுவதே நல்லது, ஆனால் கூடுதல் விலைக்கு, கையெழுத்தோடு.

தமிழ் பேண்டுகள் உங்களைத் தேடி வர ஒரு காரணம் நீங்கள் தமிழ் எழுத்தைக் கொல்லாமல் வைப்பீர்கள் என்பது. அது எவ்வளவு பெரிய சரக்கு என்று உங்களுக்கே தெரியாது போலிருக்கிறது. என் ஆரம்ப காலத்தில் ஒரு விழாவுக்கு 300 துண்டறிக்கை அச்சுக்குக் கொடுத்தேன். எழுத்துகளை அவுட்லைன் ஆக்காமல், அதாவது வெறும் வடிவங்களாக மாற்றாமல், கோப்பை அப்படியே கொடுத்துவிட்டேன். கடைக் கணினியில் என் எழுத்துரு இல்லை. "கொண்டாட்டம்" என்ற சொல்லில் கொம்பு 'க'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய், ஒரு புள்ளி வட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, அவரை என்ன சொல்ல? மறு அச்சுக்கு என் காசுதான் போனது. அந்த விழாவுக்கு நான் வாங்கிய கூலியைவிட அது அதிகம். இல்லஸ்டிரேட்டரில் தெற்காசிய எழுத்துக்கான கம்போசரை (எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் அமைப்பை) தேர்ந்து, கடைசியில் அவுட்லைன் ஆக்கி, பிடிஎஃப்பை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு அனுப்புங்கள். எழுத்துருவின் உரிமத்தையும் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், பலூ தம்பி மாதிரி திறந்த உரிமத்தில் வருபவற்றை விற்பனை வேலைக்கும் பயன்படுத்தலாம். அட்டையை 3000க்கு 3000 பிக்சலில் செய்தாலும், கைப்பேசியில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

பணம் வராமல் போனால்? சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் கிடையாது. 5,000 வெள்ளிக்குள் என்றால் தனிநபருக்கு மனுக் கட்டணம் 10 வெள்ளிதான். அந்த வாட்ஸ்அப் செய்தி அங்கே உதவும். பகல் வேலை ஒப்பந்தத்தில் வெளிவேலை கூடாது என்று இருக்கிறதா என்பதையும் இன்று இரவே எடுத்துப் படித்துவிடுங்கள். இந்த வருமானம் செலவு போக வருடத்துக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் சுயதொழில் செய்பவராக மெடிசேவ் (மருத்துவச் சேமிப்பு) கட்ட வேண்டியிருக்கும். தாண்டட்டும், நல்லதுதானே.

அப்புறம், அந்த டி-சட்டையில் உங்கள் அளவுக்கு ஒன்று எடுத்து வைக்கச் சொல்லுங்கள். காசு கொடுக்காதீர்கள்.