குச்சிக்கிழங்கு விலை பேரியலா, நுண்ணியலா?

வணக்கம் ஐயா,

ஆத்தூரில் பிளஸ் டூவுக்குப் பொருளாதாரம் எடுக்கிறேன். ‘பெரிய அளவில் நடப்பது பேரியல் (மேக்ரோ) பொருளாதாரம், சிறிய அளவில் நடப்பது நுண்ணியல் (மைக்ரோ)’ என்றே பிள்ளைகள் எழுதுகிறார்கள். சேலம், நாமக்கல் முழுக்கக் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) விலை சரிந்தால் அது பேரியல்தானே என்று கேட்கிறார்கள். எப்படி விளக்குவது?

வாசகர், ஆத்தூர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அது நுண்ணியல்தான். எத்தனை ஆயிரம் விவசாயிகள் இருந்தாலும் அங்கே பார்ப்பது ஒரே சரக்கின் சந்தை. மக்களின் வருமானம் மாறாது என்று வைத்துக்கொண்டுதான் அந்தக் கணக்கையே போடுகிறோம். அப்படி வைத்துக்கொள்ள முடியாத இடத்தில் பேரியல் தொடங்குகிறது.

இந்தக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ மில் கூலியைக் குறைத்தால் அதற்கு லாபம். அதன் ஆட்கள் ஜவ்வரிசி வாங்காமல் போனாலும் மில்லுக்கு உறைக்காது. நாட்டிலுள்ள எல்லா முதலாளிகளும் ஒரே சமயத்தில் குறைத்தால்? கடைவீதிக்கு வரும் பணமே அந்தக் கூலிதான். விற்பனை படுக்கும், ஆட்குறைப்பு வரும். கூலி இறங்கினால் வேலையின்மை தானாகத் தீரும் என்ற வாதத்தை ஆங்கிலேயப் பொருளியலாளர் கெயின்ஸ் 1936இல் மறுத்தது இந்த இடத்தில்தான். (மைக்ரோ, மேக்ரோ என்ற பிரிவினை 1933இல் நார்வேயின் ராக்னர் ஃபிரிஷ் செய்தது.)

தேசிய வருமானம், வேலைவாய்ப்பு, பொதுவிலை மட்டம், வட்டி, அரசு பட்ஜெட், அயல்நாட்டு வணிகம், வளர்ச்சி எல்லாம் பேரியலின் எல்லைக்குள் வரும். ரிசர்வ் வங்கி சில்லறைப் பணவீக்கத்துக்கு 4 சதவீதம், மேலே கீழே 2 என்று இலக்கு வைத்திருப்பது இதன் நடைமுறை முகம்.

நாட்டின் மொத்த உற்பத்தியைக் கணக்கிடும்போது பிள்ளைகள் சறுக்குவது கூட்டலில். கிழங்கு 100 ரூபாய்க்கு மில்லுக்குப் போகிறது, ஜவ்வரிசி 150க்குக் கடைக்கு, கடையிலிருந்து 180க்கு வீட்டுக்கு. மூன்றையும் கூட்டி 430 என்பார்கள். உற்பத்தி 180தான்: 100, பிறகு கூடிய 50, 30. நிதியாண்டு முடியும் மார்ச் 31 அன்று ஜவ்வரிசி மூட்டை மில் குடோனிலேயே கிடந்தால்? 150, சரக்கிருப்பாக, முதலீட்டுக் கணக்கில் ஏறும்.

இன்னொரு குழப்பம், அந்தக் கணக்கில் இறக்குமதியை ஏன் கழிக்கிறோம் என்பது. அது உற்பத்தியைத் தின்றுவிடுகிறது என்று நினைக்கிறார்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் செய்த வெள்ளிக் கொலுசு ஒன்றை 10,000 ரூபாய்க்கு நம்மூர்ப் பெண் வாங்குகிறாள். அதில் 8,000 ரூபாய் வெள்ளி வெளிநாட்டிலிருந்து வந்தது என்று வையுங்கள். நுகர்வில் முழு 10,000மும் ஏறிவிட்டது. அதில் அந்நியச் சரக்கான 8,000ஐ எடுத்துவிட்டால் பட்டறையும் கடையும் சேர்த்த 2,000 நிற்கும்.